மர்மோத்

நான் அதிகம் கோபப்படுகிறவன் இல்லை. முப்பத்தாறு வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கோபமெல்லாம் கட்டுப்படியாகாது. மேலே இருப்பவர் ஃபைலைத் திருப்பி அனுப்பினால் நோட்டை மாற்றி எழுதி மறுபடி வைப்பேன், அவ்வளவுதான். அதனால்தான் 2022 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறிய பேரனைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் வீடே திகைத்துப் போனது. அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தபோது என் கை ஓங்கியபடி இருந்தது. வாயிலிருந்து வந்த சொல் "மர்மோத்!"

பேரனுக்கு அது புரியவில்லை. மனைவிக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது யாருக்கு வைத்த பெயர் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு நாலு மாதம் முன்பு, ஏப்ரலில், காலைப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியிலிருந்து விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பேப்பரின் முதல் பக்கம் ஞாபகம் இருக்கிறது, அப்புறம் மேலே சுற்றுகிற மின்விசிறியும் என்னைச் சுற்றி ஐந்தாறு முகங்களும். கையில் பக்கத்து வீட்டுக்காரர் திணித்த சாவிக்கொத்து. எழுபத்தொரு வயதில் வலிப்பு! சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், தலை இடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். அந்த நல்ல மனிதரிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை. சாவிதான் என்னைக் காப்பாற்றியது என்று அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஸ்கேன் எடுத்ததில், மூளையில் எப்போதோ எனக்கே தெரியாமல் வந்துபோன சிறு பக்கவாதத்தின் தழும்பு தெரிந்தது. வயதான பிறகு புதிதாக வலிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணமாம். லெவெட்டிராசெட்டம் என்ற மாத்திரையைக் காலையிலும் இரவிலும் போடச் சொன்னார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். அதுதான் அன்றைக்குப் பெரிய துக்கமாக இருந்தது. என் பழைய மொபெட்டை மருமகன் எடுத்துக்கொண்டு போன நாள் நான் சாப்பிடவில்லை. மாத்திரையைப் பற்றி டாக்டர் வேறு ஏதாவது சொன்னாரோ என்னவோ, என் காதில் ஏறவில்லை.

வலிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

முதலில் தூக்கம். பகல் பதினோரு மணிக்கே கண் சொருகும். பிறகு சொற்கள் தொலைய ஆரம்பித்தன. ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் பாத்திரக் கடையில் நின்று, டீ வடிகட்டி வேண்டும் என்று கேட்கப் போனவனுக்கு அந்தச் சொல் வரவில்லை. வந்தது "பஸ்வார்". பிரெஞ்சுப் பள்ளியில் படித்தது அடியில் கிடந்து மேலே வந்துவிட்டது. கடைக்காரப் பையன் "அது எந்தக் கம்பெனி ஐயா?" என்றான். அன்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. என் பெரியப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டவர். அந்த வழிதான் எனக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு கோபம். இது நமக்கெல்லாம் தெரிந்த கோபம் மாதிரி இல்லை. வழக்கமாகக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இது காரணம் வருவதற்கு முன்பே வந்து நிற்கும். பால் பாக்கெட் பத்து நிமிஷம் தாமதம், டிவியின் சத்தம், மனைவி கரண்டியை வைத்த ஓசை, எது கிடைத்தாலும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடங்கிய பிறகு வெட்கம், அழுகை. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் கூடுகிற எங்கள் பென்ஷன் கோஷ்டியில் ஒரு பழைய சிநேகிதரிடம் ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்திவிட்டு, அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. மகள் சொன்னாள், அப்பாவுக்கு வண்டி போன ஏக்கம். மருமகன் சொன்னார், வயசானால் அப்படித்தான். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் மணக்குள விநாயகருக்கு வேண்டிக்கொண்டாள். மாத்திரையை யாரும் சந்தேகப்படவில்லை. வலிப்புக்குக் கொடுத்த மாத்திரை மனசில் போய் என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. மூளையை அடக்கத்தானே அந்த மாத்திரை? கோபமும் ஞாபகமும் வேறு எங்கே இருக்கின்றன, முழங்காலிலா?

பேரன் மேல் கை ஓங்கிய அன்று ராத்திரி, மாத்திரை உறையிலிருந்த பொடி எழுத்துக் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எரிச்சல், ஆத்திரம், மனச்சோர்வு, தூக்கக் கலக்கம் எல்லாம் வரிசையாக அதில் இருந்தன. ஒரு குமாஸ்தா இணைப்பைப் படிக்காமல் நாலு மாதம் ஃபைலை ஓட்டியிருக்கிறேன்!

அடுத்து நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். மூன்று நாள் தேவலோகம் மாதிரி இருந்தது. நாலாம் நாள் குளியலறையில் விழுந்தேன். புருவத்தில் ஆறு தையல். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரும், சில சமயம் நிற்காமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று டாக்டர் சொன்னபோது என் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அவர் கத்தவில்லை. "கோபம் வருதுன்னு ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். கோபம் ஒரு நோய்க்குறி என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை என் குணம் கெட்டுப்போனதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். குணம் கெட்டதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அது நமக்குத் தெரிந்த வேலை. ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, தேதி, மாத்திரை போட்ட மணி, தூங்கிய நேரம், மறந்த சொல், கோபம் என்று பத்தி பிரித்தேன். முதல் வாரம் கோபப் பத்தியில் "இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதியிருந்தேன். அதை எட்டிப் பார்த்த என் மனைவி, பேனாவை வாங்கித் தன் கையெழுத்தில் சேர்க்க ஆரம்பித்தாள். "6.10, பால்காரரிடம்." "9.40, என்னிடம், உப்புக்காக." "4.00, காக்காயிடம்." அன்றிலிருந்து அந்தப் பத்தி அவளுடையது. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் யாராவது இந்த மாத்திரை போடுகிறவர்கள் இருந்தால் இதைக் கேளுங்கள். கோபத்தைக் கோபக்காரன் எழுதக் கூடாது, கூட இருப்பவர்தான் எழுத வேண்டும்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். ஒரே நாளில் இல்லை. லமோட்ரிஜின் என்ற வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வாரக்கணக்காக ஆயிற்று. வேகமாக ஏற்றினால் உடம்பில் தடிப்பு வந்து விபரீதமாகலாமாம். பழைய மாத்திரையைக் குறை சொல்லவும் கூடாது, அது நிறையப் பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் வேலை செய்கிறது, எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தீபாவளி வாக்கில் நோட்டில் என் மனைவி தொடர்ந்து ஒன்பது நாள் கோடு இழுத்திருந்தாள். சொற்களும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. பெரியப்பாவின் வழி இல்லை என்று தெரிந்தது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

எனக்கு மூன்று வயது இளைய தங்கை ஒருத்தி. அவளுக்கு ஆறு வயதில், 1960-ல், வலிப்பு வந்தது. அப்போது புதுச்சேரியில் எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், கார்தெனால். பினோபார்பிட்டால் என்பது அதன் உள்பெயர். 1912-லிருந்து வலிப்புக்குக் கொடுத்துவரும் பழைய மருந்து, இன்றும் இருக்கிறது. தினம் ராத்திரி சாப்பிட்டதும் அம்மா அந்த வெள்ளை மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பாள். வலிப்பு அநேகமாக நின்றுவிட்டது. தங்கையும் நின்றுவிட்டாள். அதற்கு முன்பு வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தவள், கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத் திரும்பிப் பார்க்கிறவளாக ஆனாள். திக்தேயில் ஐந்து பிழைக்குச் சைபர் போடுகிற காலம் அது. அவள் வாரா வாரம் சைபர் வாங்கி வருவாள்.

திண்ணையில் நான்தான் வாத்தியார். ஏழெட்டு எத்தனை என்று கேட்டு, ஸ்கேலால் தட்டுவேன். தட்டியவுடன் அர்துவாஸை, அதாவது சிலேட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும், பள்ளியில் மனக்கணக்கு அப்படித்தான். அவள் சிலேட்டு காலியாக மேலே வரும். சில நாள் வரவே வராது, சிலேட்டின் மேல் தலை சாய்ந்திருக்கும். எங்கள் பிரெஞ்சுப் பாடத்தில் மர்மோத் என்று ஒரு மலைப் பிராணி உண்டு, குளிர்காலம் முழுவதும் தூங்குவது. அந்தப் பெயரை அவளுக்கு வைத்தேன். தெருப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவே ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டதுண்டு. பன்னிரண்டு வயதில், படிப்பு ஏறவில்லை என்று அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பத்தொன்பது வயதில், வலிப்பு வந்து பல வருஷம் ஆனதால், ஒரு டாக்டர் அந்த மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். அடுத்த வருஷமே தங்கை தையல் கற்றாள், கணக்கு எழுதினாள், என் பிரெஞ்சுப் புத்தகங்களைத் தூசு தட்டி எடுத்துப் படித்தாள். கல்யாண வயசு வந்ததும் பெண் தெளிந்துவிட்டாள் என்று எல்லாரும் சொன்னோம். அம்மா மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஒருவருக்காவது அந்த வாழைப்பழம் நினைவுக்கு வரவில்லை. வலிப்பு விஷயம் தெரிந்து இரண்டு வரன்கள் தட்டிப் போயின. அந்தக் காலத்தில் திருமணச் சட்டத்திலேயே பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். 1999-ல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். பிறகு எல்லாம் தெரிந்தே ஒருவர் கட்டிக்கொண்டார், நன்றாக வைத்துக்கொண்டார்.

அந்த மாத்திரை இல்லாவிட்டால் அவள் கிணற்றடியில் விழுந்து செத்திருப்பாள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் வைத்த பெயரை மாத்திரை வைக்கவில்லை.

சென்ற தைப் பொங்கல் கழித்து வில்லியனூருக்குப் பஸ் ஏறினேன். அவளுக்கும் எழுபது ஆகப்போகிறது. கூடத்தில் உட்கார்ந்து, என் நோட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பேரனைச் சொன்ன சொல்லையும் சொன்னேன். அதற்கு மேல் பேச வரவில்லை. இந்தத் தடவை மாத்திரை காரணமில்லை.

அவள் முறத்திலிருந்த பருப்பைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் அண்ணே. காலையில தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும். நீ கேக்கிறது கேக்கும், பதில் எங்கியோ இருந்து நடந்து வரும். அது வர்றதுக்குள்ள நீ ஸ்கேல தட்டிடுவ."

"ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டீங்க?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள், "அந்த மர்மோத்து எப்படித்தான் இருக்கும்? நீயும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல."

அவள் பேத்தி போனில் தேடிக் கொடுத்தாள். பாறை மேல் இரண்டு காலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, கொழுகொழுவென்று, அணிலுக்குப் பெரியப்பா மாதிரி. தங்கை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நல்லா முழிச்சிக்கிட்டுதான இருக்கு" என்றாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மணி எட்டாவுது. மாத்திரை எடுத்தாந்தியா, இல்லியா?"

சட்டைப் பையைத் தடவினேன். எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அவள் எழுந்து போய்த் தண்ணீரும், கேட்காமலேயே ஒரு வாழைப்பழமும் கொண்டு வந்தாள்.