கரண்ட் போனாலும் மணி அடிக்குமா?

2002 ஏப்ரல் 1-ம் தேதி, இன்டர்நெட் வழியாக போன் பேசிக்கொள்ளலாம் என்று இந்திய அரசாங்கம் அனுமதி கொடுத்தது. தேதியைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள், நிஜமாகவே கொடுத்தது. ஆனால் விதிகளைப் படித்தால் அந்தத் தேதிக்கு உரிய மரியாதையையும் செய்திருந்தார்கள் என்று தெரியும். கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்காவில் உள்ள போனைக் கூப்பிடலாம். லண்டனைக் கூப்பிடலாம். ஆரணியில் இருக்கும் மாமா வீட்டு போனை மட்டும் கூப்பிடக் கூடாது! அந்தத் தடை விலக 2018 ஆயிற்று. அந்த வருஷம் ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்று ஒன்றை அறிவித்தது. வருஷத்துக்கு 1,099 ரூபாய், வரி தனி. சிம் கார்டு இல்லாமல், ஒரு ஆப் மூலமாக எந்த போனுக்கும் பேசலாம் என்றார்கள். 2019 செப்டம்பர் 5-ல் ஜியோ ஃபைபர் வந்தது. புடவை வாங்கினால் பிளவுஸ் பிட் மாதிரி, நெட் வாங்கினால் போன் இலவசம் என்று ஆகிவிட்டது.

எஸ்.டி.டி. பூத்தில் அப்பா பேசும்போது சிவப்பு எண்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்ற பையன் நான். ராத்திரி கால் சார்ஜுக்காகக் காத்திருந்து, கடைசியில் "அப்புறம், வேற என்ன?" என்று காசை வீணாக்கிய வம்சம். இன்று பேச்சு இலவசம் என்கிறார்கள். பி.காம். படித்தவனுக்கு 'இலவசம்' என்ற வார்த்தையைக் கேட்டதும், அது எந்தக் கணக்கில் பற்று வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடத் தோன்றும்.

எங்கள் வீடு வேங்கிக்காலில். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஏரியா, திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிற ரோடு. வீட்டில் அம்மா, 04175-ல் ஆரம்பிக்கும் ஒரு தரைவழி போன், அப்புறம் நான். முக்கியத்துவமும் அதே வரிசைதான். அம்மாவிடம் செல்போன் இருக்கிறது. பூஜை ஷெல்ஃபில் பத்திரமாக வைத்திருக்கிறாள். பேசுவதெல்லாம் அந்தப் பழைய கறுப்பு போனில்தான். தம்பி துபாயில். அங்கே வாட்ஸ்-அப்பில் செய்தி அனுப்பலாம், பேச முடியாது, தடை. லைசென்ஸ் வாங்கிய சில ஆப்களில் மட்டும் காசு கட்டிப் பேசலாம். ஆகவே வாரா வாரம் வெள்ளிக்கிழமை வீட்டு நம்பருக்கு நேராக அடிப்பான்.

போன வருஷம் எங்கள் தெருவில் கால்வாய் தோண்ட வந்த பொக்லைன், மண்ணோடு மண்ணாக போன் கேபிளையும் அள்ளிவிட்டது. இனிமேல் செம்புக் கம்பி கிடையாது, ஃபைபர்தான் என்றார்கள். ஆக, வீட்டுக்கு இன்டர்நெட் போன் எடுத்தாக வேண்டும். எடுத்துக்கொடுக்கத்தான் ஊரில் எத்தனை பேர்!

பெயரைச் சொன்னால் விளம்பரம், குறை சொன்னால் வம்பு. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் சார்பில் டை கட்டிய பையன் வந்தான். "சார், நூறு எம்.பி.பி.எஸ். தர்றோம் சார்" என்றான்.

அம்மா உள்ளேயிருந்து, "நூறு டாக்டரா? எதுக்குடா?" என்றாள்.

பையன் பதினான்கு சினிமா ஆப்களின் பெயரை ஒரே மூச்சில் சொன்னான். எனக்கு வேண்டியது ஒரு போன். ஒரு போன் பேச்சுக்கு எவ்வளவு வேகம் தேவை தெரியுமா? பேச்சை ஒரு நொடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கவரில் போட்டு அனுப்புகிற வேலை இது. கவர் கனத்தையும் சேர்த்தால்கூட ஒரு எம்.பி.பி.எஸ்.ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். முப்பது எம்.பி.பி.எஸ். லைனில் முன்னூறு பேர் ஒரே நேரத்தில் பேசலாம். எங்கள் வீட்டில் பேசுவது ஒருத்தி.

வேகம் விஷயமே இல்லை சார். அந்தத் துண்டுகள் சீராக, வரிசையாக, சீக்கிரமாக வந்து சேர்கிறதா என்பதுதான் விஷயம். இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கம் போய்ச்சேர ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் பேச்சு இடறத் தொடங்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்லி, ரெண்டு பேரும் நிறுத்தி, மறுபடியும் ரெண்டு பேரும்... பட்டிருப்பீர்கள். இதை எந்த நோட்டீஸிலும் போட மாட்டார்கள். அதே லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போய், அந்த வீட்டுப் பையன் சினிமா டவுன்லோடு போட்டிருக்கும்போது அஞ்சு நிமிஷம் போன் பேசிப் பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை. காபி கிடைப்பது தனி லாபம்.

இரண்டாமவரிடம் ஒயரே கிடையாது. மொட்டை மாடியில் ஒரு டப்பா, செல்போன் டவரிலிருந்து காற்றிலேயே வரும். வேறு ஊராக இருந்தால் யோசித்திருப்பேன். இது திருவண்ணாமலை. பௌர்ணமிதோறும் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். கார்த்திகை தீபம் என்றால் லட்சக்கணக்கில். அன்றைக்குச் சாயங்காலம் மலை உச்சியில் தீபத்தைப் பார்த்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். செல்போனில் டவர் முழுசாகக் காட்டும், பேச்சு வராது. அதே டவரை நம்பி அம்மாவின் போனை விட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 399 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. அஞ்சு வருஷத்துக்கு 28,249 ரூபாய். இதோடு முடிந்ததா? ஃபைபர் வந்து சேரும் டப்பா ராப்பகலாக எரிய வேண்டும். பன்னிரண்டு வாட் என்று வைத்தால் ரெண்டு மாசத்துக்குப் பதினேழு யூனிட் சொச்சம். நம் ஊரில் ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்றாலும், அதில் ஆறில் ஒரு பங்கை இந்த டப்பாவே சாப்பிட்டுவிடும். பழைய போனுக்கு நாம் ஒரு பைசா கரண்ட் கொடுத்ததில்லை. செம்புக் கம்பியிலேயே எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து நாற்பத்தெட்டு வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டானாலும் போன் மட்டும் அடித்ததன் ரகசியம் அதுதான்.

அது அடித்த ஒரு ராத்திரி எனக்கு மறக்காது. 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். மழை என்றால் அப்படி ஒரு மழை. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து, பாறை உருண்டு, ஒரு வீட்டில் ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். எங்கள் வீடு அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் துபாயில் டி.வி. பார்ப்பவனுக்குத் திருவண்ணாமலை என்றால் ஒரே மலை, ஒரே ஊர். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. என் செல்போன் உயிருக்கு ஊசலாடியது. எதிர்வீட்டு ஃபைபர் போன் ஊமை. தம்பி என் செல்லுக்கு எத்தனை தடவை அடித்தானோ. பதினோரு மணிவாக்கில் இருட்டில் அந்தக் கறுப்பு போன் அடித்தது. அம்மா தடவித் தடவிப் போய் எடுத்து, "நல்லாத்தான்டா இருக்கோம், நீ சாப்ட்டியா?" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அழுகிறான் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகவே மூன்று பேரிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான். அந்த ராத்திரி உங்கள் போன் அடித்திருக்குமா?

டை கட்டிய பையன், "யூ.பி.எஸ். ஒண்ணு போட்டுக்குங்க சார்" என்றான். போடலாம். டப்பாவுக்கென்றே கையளவு யூ.பி.எஸ். விற்கிறது, ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு நானே வாங்கினேன். ஆனால் நம் வீட்டு முனையில் மட்டும் கரண்ட் இருந்து என்ன பிரயோஜனம்? ஒளிக்கம்பியின் அந்த முனையிலும் ஒரு மெஷின் இருக்கிறது, அதற்கும் கரண்ட் வேண்டும். "உங்க பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்றேன். "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் சார்." கம்பெனி எங்கே என்றால் கஸ்டமர் கேர் நம்பரைக் கொடுத்தான். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்.

மூன்றாமவர் நம்ம ஏரியா கேபிள்காரர். அந்தக் காலத்தில் டிஷ் ஆண்டெனா வைத்துப் படம் போட்டவர், இப்போது பழைய தரைவழி போன் கம்பெனிக்கே ஃபைபர் இழுத்துக் கொடுக்கும் பங்குதாரர். கேட்டதும் பதில் சொல்லாமல், "வாண்ணா" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு பத்துக்குப் பத்து ரூம். மெஷின், ஃபேன், சாமி படம், கீழே வரிசையாக பேட்டரி. "எட்டு வச்சிக்கிறேன். ஆறு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல போனா ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பேன்ணா. இல்லன்னா ஜனங்க வீட்டாண்ட வந்துடுவாங்க." கஸ்டமர் கேர் என்றால் இதுதான். அவர் வீடு எனக்குத் தெரியும்.

வாய் வார்த்தை போதாது. துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மாசாமாசம் பகல் முழுக்க கரண்ட் நிறுத்துவார்கள் அல்லவா? அன்றைக்கு லீவு போட்ட ஆள் மாதிரி கிளம்பினேன். மூன்று வகை லைனும் உள்ள மூன்று வீடுகள், மூன்றிலும் யூ.பி.எஸ். உண்டு. அரை மணிக்கு ஒரு தடவை மூன்றுக்கும் போன் அடித்தேன். முதல் வீடு பத்தரைக்கு மேல் எடுக்கவில்லை. யூ.பி.எஸ். எரிகிறது, லைன் இல்லை. இரண்டாவது பன்னிரண்டு வரை தாங்கியது. மூன்றாவது வீட்டு மாமி ரெண்டு மணிக்கு போனை எடுத்து, "ஏம்பா, சித்த தூங்க விடறியா?" என்றார். முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. செல்போன் நம்பரைக் கம்பெனி மாற்றினாலும் கையோடு எடுத்துப் போகும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது. தரைவழி போனுக்கு அது கிடையாது. வேறு கம்பெனிக்குப் போனால் நம்பர் போய்விடும். ரேஷன் கடை முதல் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர் வரை எல்லாரிடமும் இருப்பது அந்த 04175 நம்பர். பழைய கம்பெனியின் ஃபைபர் என்பதால் அதே நம்பர் நிலைத்தது. மாசம் நூறு ரூபாய் கூடுதல்தான். பில்லும் நேரத்துக்கு வராது. கேபிள்காரர் குடும்பத்தோடு திருப்பதி போனால் ரிப்பேரும் திருப்பதி போய்விடும். பரவாயில்லை என்று பற்று எழுதிவிட்டேன்.

கறுப்பு போனை அப்படியே டப்பாவின் பின்னால் சொருகினோம். ஒரு சின்ன ஸ்விட்சை 'பல்ஸ்'-லிருந்து 'டோன்'-க்கு மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தம்பி அடித்தான். குரல் கண்ணாடி மாதிரி. அம்மா முகம் மட்டும் சரியில்லை.

"என்னம்மா, கேக்கலையா?"

"நல்லா கேக்குதுடா. அவன் பேசாதப்ப ஒண்ணுமே கேக்கல. முன்னயெல்லாம் கொர்ர்னு ஒரு சத்தம் இருக்கும். இருக்கான்னு தெரியும்."

இது அம்மாவுக்கு மட்டும் வருகிற சந்தேகம் இல்லை. முழு நிசப்தமாக இருந்தால் லைன் கட்டாகிவிட்டது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பதால், இன்டர்நெட் போனில் வேண்டுமென்றே மெல்லிய இரைச்சலைக் கலப்பது உண்டு. அதற்கென்று பெயரே வைத்திருக்கிறார்கள், 'கம்ஃபர்ட் நாய்ஸ்' என்று. எங்கள் டப்பாவில் அது உண்டா, எப்படிப் போடுவது என்று கேபிள்காரரைக் கேட்டிருக்கிறேன். "பாத்து சொல்றேண்ணா" என்றிருக்கிறார். அதுவரை அம்மா நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கியாடா?" என்கிறாள். அவனும் துபாயிலிருந்து "இருக்கேம்மா" என்கிறான்.