ஈட்டியும் ஏரும்

எமது முன்னோர் ஒருவர் கண்டி அரசனின் படைவீரர். போரில்லாத காலத்தில், சேவைக்கு ஈடாகப் பெற்ற வயலை உழுதவர் என்று பாட்டி சொல்லுவார். அவரது தடத்தைத் தேடித் தெல்தெனியவுக்குச் சென்றோம்.

1815 பெப்ரவரி 18இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் பிடிபட்ட மெதமகாநுவரப் பக்கத்தில் நினைவுக்கல் உண்டு. கண்டி வாவிக்காகக் குடிகளை வருத்திய அரசனுக்குக் கல். அவனுக்காக ஈட்டி பிடித்த உழவனுக்கோ பெயரும் இல்லை.

வயல் எங்கே? முதியவர் ஒருவர் விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் காட்டினார். 1980களில் பழைய தெல்தெனிய நகரே அதனுள் மூழ்கிற்று.

இத்தேடல் பழம்பெருமைக்காக அன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. எமது பாட்டனார் கந்தோர் வாசலில் வெறுங்கையோடு நின்றார். ஈட்டியையும் ஏரையும் எந்த எழுதுவினைஞர் ஏற்பார்?

கடும் வரட்சியில் பழைய ஊரின் இடிபாடுகள் வெளித்தெரியும். அப்பொழுது மீண்டும் போவோம்.