பின் பெஞ்சுக்கு ரெண்டு ஸ்பீக்கர்

எங்கள் கமாண்டர் ஜீப்பின் டாஷ்போர்டில் ரேடியோவுக்கு இடம் கிடையாது. 1996 மாடல். டாஷ்போர்டு என்று மரியாதைக்குச் சொல்லலாம். பெயின்ட் அடித்த மொட்டைத் தகடு அது. அதில் மீட்டர்கள், சுவிட்சுகள், அப்பா ஒட்டிய பழனி முருகன். இப்போது கடையில் கிடைக்கும் ஸ்டீரியோ செட்டுகளில் பலவும் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பொந்து ஒன்றை எதிர்பார்த்தே செய்யப்படுகின்றன. 'சிங்கிள் டின்' என்பார்கள். தகர டின் இல்லை. ஜெர்மானியத் தர நிறுவனம் ஒன்றின் பெயர்ச்சுருக்கம். அந்த அளவு அங்கே பிறந்தது.

தகட்டை வெட்டலாம், பத்து நிமிட வேலை என்றார்கள் தேனியில். நான் வெட்ட விடவில்லை. செட்டை ஒரு இரும்புக் கூட்டில் மாட்டி, டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிடுவது என்று முடிவு செய்தேன். பார்க்க அழகாக இருக்காதுதான். முருகனுக்குச் சேதமில்லை.

இந்த வண்டியில் பாட்டு ஏன் வேண்டும் என்பதைச் சொல்ல, அதில் ஏன் இத்தனை நாள் பாட்டே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்பா போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன டிரைவர். முதலில் முதலாளி வண்டி, 1999இலிருந்து சொந்த வண்டி. விடிவதற்குள் கிளம்பி, போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் இறக்கிவிட்டு, பொழுது சாயத் திரும்ப ஏற்றிவருவார். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. பெஞ்சில் இடிபட்டு உட்கார்ந்தவர்கள் போக, நடுவில் தூக்குவாளிகளோடு குந்தியிருப்பவர்கள் ஐந்தாறு பேர். எல்லோரும் பெண்கள். முன் சீட்டு கங்காணிக்கு. அம்மாவும் அந்த வண்டியில்தான் தோட்ட வேலைக்குப் போனாள். டிரைவர் பெண்டாட்டி என்று அவளுக்கு முன் சீட்டு கிடைத்ததில்லை; பெஞ்சின் கடைசி மூலை கிடைத்தது, தார்ப்பாய் அடித்துக்கொள்ளும் இடம்.

ஏலச்செடி தூரடியில் காய்க்கும். பறிக்கிறவள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். குனிந்த முதுகோடு ஏறி உட்காரும் அந்தப் பெண்களுக்கு ஒரு பாட்டுப் போட்டால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. அப்பாவிடம் ஒரே பதில்: "மலையில வண்டி ஓட்டுறவனுக்கு இஞ்சின் சத்தம் கேக்கணும்." அது பொய்யில்லை. இறக்கத்தில் எந்த கியரில் இருக்கிறோம், வண்டி தள்ளுகிறதா பிடிக்கிறதா என்பதைப் பழைய டீசல் வண்டி சத்தத்தில்தான் சொல்லும். அவர் கையில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியது அவர் ஒருவர். வாயை மூடிக்கொண்டது பின்னால் இருந்த பதினைந்து பேர். பேச்சு சத்தம் கூடினாலும் கண்ணாடியில் ஒரு பார்வை வரும். அம்மா ஒரு கை டிரான்சிஸ்டரை முந்தானைக்குள் வைத்து, காதோடு ஒட்டிக் கேட்பாள். கொடைக்கானல் எஃப்எம், 100.5. வளைவுக்கு வளைவு அறுந்து அறுந்து வரும்.

அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அவளை உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனபோது கேட்டாள்: "இம்புட்டு வருசமா இஞ்சின் பாட்டத்தான கேட்டேன். இப்பயாச்சும் இதுல ஒரு ரேடியோப் பொட்டி மாட்டேன், தாயி."

வகுப்பில் ஆண்டுதோறும் அகநானூற்றின் 4ஆம் பாடலை நடத்துகிறேன். குறுங்குடி மருதனார் பாடியது. தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாதென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் தலைவன். மாணவர்கள் உருகிப்போகிறார்கள், உருக வேண்டிய பாட்டுதான். ஒரு முறை கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்ப வீட்ல காத்திருக்கவளுக்கு மணி கேக்காதேம்மா?" என்றாள். உரையாசிரியர்கள் யாரும் எனக்குத் தராத கேள்வி. நான் நடத்தும் பாடல்களில் பெரும்பாலும் தலைவி தேருக்கு வெளியேதான் இருக்கிறாள். சத்தம் அவளிடம் வந்துசேர வேண்டிய செய்தி, வராமலும் போகலாம். தேருக்குள் உட்கார்ந்தவளின் காது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

கடைக்கு வருகிறேன். நான் ஒரு கட்டைக் கேள்விகளோடு போனேன். கல்லாவில் இருந்தவர், "சார் வண்டியோட வரட்டும் மேடம், பாத்துச் சொல்லிடுறோம்" என்றார். சார் இல்லை என்றேன். எனக்கு மணமுறிவாகிப் பல வருடமாகிறது. அந்தக் கதை இங்கே வேண்டாம். அந்தக் காரில் வால்யூம் திருகு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் என்னுடையதாக இல்லை என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். என்னோடு வேலைபார்க்கும் முனைவர் பட்டக்காரிகளில் பாதிப் பேர் கணவர் ஓட்டும் காரில் பாட்டை மாற்றுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்கிறவர்கள்தான்.

வேலை பார்க்கும் பையன் நல்லவன். நான்கு ஸ்பீக்கர் என்று கணக்குப் போட்டான். இரண்டு போதும், இரண்டும் பின்னால் என்றேன்.

"அக்கா, டிரைவருக்குக் கேக்காதுக்கா. எல்லா வண்டியிலயும் டிரைவர் சீட்ட வச்சுத்தான் சவுண்டு செட் பண்ணுவோம்."

"நான்தான் டிரைவர். எனக்கு வேணாம்."

அவனுக்கு இது கடைசிவரை புரியவில்லை. பெரிய பாஸ் பெட்டி வேண்டாம் என்றதில் மட்டும் ஒத்துப்போனான். தார்ப்பாய் வண்டியில் பாஸ் தங்காது. திறந்த பக்கமெல்லாம் வெளியே ஓடிவிடும், உள்ளே தகடுகள் மட்டும் அதிரும். குரல் துல்லியமாக வரும் ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். தச்சரிடம் சொல்லி இரண்டு பலகைப் பெட்டி. பெஞ்சுக்கு அடியில், மழைத்தண்ணீர் தேங்காத உயரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி.

வயரிங்கை வீட்டு வாசலில் நானே செய்தேன். அம்மா டார்ச் பிடித்தாள். செட்டின் பின்னால் ஒரு கற்றை வயர் வரும், முக்கியமானவை மூன்று. கறுப்பு, எர்த். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் முனைக்கு. மஞ்சள், நேராக பேட்டரிக்கு; வண்டி தூங்கும்போதும் அது தூங்காது, நேரத்தையும் பிடித்துவைத்த நிலையங்களையும் நினைவில் வைத்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த மஞ்சள் வயர் யார் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பாட்டு வரும். ஆனால் வண்டி நிற்கும்போதும் செட் விழித்தே கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும்.

ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். செட்டுக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் ஓடும் வயருக்குப் பாதுகாப்பில்லை. எங்காவது உரசி இரும்பில் பட்டால் எரியும். உரசும் இடம் எது என்பதும் தெரிந்ததே: இன்ஜின் அறையிலிருந்து வயர் உள்ளே வரும் தகட்டுத் துளை. அதன் விளிம்பு கத்தி. ஜீப் அதிர அதிர அறுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் வளையம் ஒன்று, பத்து ரூபாய்கூட இராது, அதைப் போட்டால் தீர்ந்தது. மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, வண்டி ஓடும்போது 14. இதில் எதற்கும் புஜபலம் தேவைப்படவில்லை. அறிந்தவர்கள் நமக்குச் சொல்லாமல் இருந்ததுதான் இத்தனை காலமும் இதைக் கடினமாக்கி வைத்திருந்தது.

முதல் பாட்டு வந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பாட்டுக்கு அடியில் ஒரு இரைச்சல், கொசு ரீங்காரம்போல. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் சுதி ஏறும், விட்டால் இறங்கும். அம்மா டார்ச்சை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தியா, உங்கப்பா விட மாட்டேங்குறாரு."

அது ஆல்டர்னேட்டரின் சத்தம். பழைய வண்டியில் எர்த் ஓடும் வழியெங்கும் துரு. கரண்டுக்குத் திரும்பிப் போக நல்ல பாதையில்லாதபோது இன்ஜின் சுழற்சி பாட்டுக்குள் புகுந்துவிடும். கறுப்பு வயரை டாஷ்போர்டுத் தகட்டிலிருந்து எடுத்து, சேஸில் ஓரிடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, அங்கே போல்ட்டால் இறுக்கினேன். இரைச்சல் போய்விட்டது. சுத்தமாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

தை மாதத்தில் பூப்பாறையில் ஒரு கல்யாணம். அம்மாவோடு தோட்டத்துக்குப் போன மூன்று பேர் வந்தார்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். முன் சீட்டு காலியாக இருக்கிறது, வாங்க என்றேன். ஒருத்தியும் வரவில்லை, பின் பெஞ்சில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள். மலையேற ஏற எனக்கு இன்ஜின் சத்தம்தான் கேட்டது. இரண்டாவது கியரிலிருந்து எப்போது மாற்ற வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே வந்தது. பாட்டு முதுகுக்குப் பின்னால், பக்கத்து வீட்டு ரேடியோபோல. அதற்கு மேல் அவர்களுடைய சண்டை: யார் கேட்ட பாட்டு முதலில், யார் சத்தத்தைக் குறைத்தது, இவளுக்கு எப்பவும் சோகப் பாட்டுத்தான். கண்ணாடியை நான் சாலைக்குத் தோதாக மட்டும் வைத்திருந்தேன்.

செட்டோடு சீட்டுக்கட்டு அளவில் ஒரு ரிமோட் தருகிறார்கள். பலரும் அதைப் பெட்டியிலேயே போட்டுவைத்து மறந்துவிடுவார்கள். அம்மா அதைச் சுருக்குப் பையில், வெற்றிலையோடு வைத்திருக்கிறாள். பின்னாலிருந்து அது வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே கையை நீட்ட வேண்டும். என் தோளுக்குப் பக்கத்தில் சட்டென்று அந்தக் கை வரும், அமுக்கும், போய்விடும். போன வாரம் அதன் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. கல்லூரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ஒண்ணு வாங்காத, ரெண்டா வாங்கிட்டு வா."