நிழல் பதிந்த தாள்

நிழற்படம் என்னுஞ் சொல்லை நம்மவர் கமராவாற் பிடித்த படத்துக்கே வழங்குகின்றனர். கமராவின்றிப் பொருளின் நிழலே தாளிற் பதிந்து உண்டாகும் படமும் உண்டு. அப்பெயர் அதற்கே மிகப் பொருந்தும் என்பது நமது எண்ணம்.

1842ஆம் ஆண்டில் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்ட முறை அது. அமோனியம் பெரிக்குச் சித்திரேற்றையும் பொற்றாசியம் பெரிசயனைட்டையும் நீரிற் கரைத்துக் கலந்து, மங்கிய ஒளியில் தாளிற் பூசி உலர்த்தவேண்டும். அதன்மீது ஓர் இலையை வைத்து வெயிலிற் காட்டிப் பின்னர் நீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலமாகும். இலை மறைத்த இடம் வெண்மையாய் நிற்கும். அன்னா அற்கின்ஸ் என்னும் மாது 1843இல் கடற்பாசிகளை இவ்வாறே பதித்து நூலாக்கத் தொடங்கினார்.

நம் நாட்டிலும் ஒளியோடு விளையாடிய ஒருவர் இருந்தார். 1900இற் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்டைத்தான் கூறுகின்றோம். (கொழும்பில் அவர் பெயரால் 1953இல் திறக்கப்பட்ட அரங்குக்கு நாடகம் பார்க்கப் போவோருள் அவர் படங்களைப் பார்த்தவர் எத்தனை பேரோ!) படம் இரசாயனத்தில் உருப்பெறும் வேளையில் ஒருகணம் வெளிச்சங் காட்டுவது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. கருமையும் வெண்மையும் இடம் மாறும். விளிம்பு மட்டும் கோடிட்டாற்போல் நிற்கும். நினைவும் பெரும்பாலும் அவ்வாறே எஞ்சுகின்றது. நம் தந்தையாரின் முகம் நமக்கு இன்று தோன்றுவதில்லை. அவர் சைக்கிளைச் சுவரிற் சாத்தும் ஓசை மட்டும் தெளிவாய்க் கேட்கின்றது.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு நடந்தபொழுது நம் அல்பங்களும் வீட்டிலே தங்கிவிட்டன. தந்தையார் அதற்கு முன்னரே காலமாகியிருந்தார். அன்னையார் கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மறு ஆண்டு திரும்பியபொழுது அல்பமுமில்லை, கதவுமில்லை. திறப்பு மட்டும் இருந்தது.

பல்லாண்டுகளின் பின்னர், கனடாவிலுள்ள உறவினரொருவர் அனுப்பிய கலியாணப் படத்திற் பின்வரிசையில் நகமளவு முகமாய்த் தந்தையார் நின்றார். ஸ்ரூடியோவொன்றிற் கணினியால் அதனைப் பெருப்பித்து, நிறமூட்டி, முகத்து மடிப்புகளையும் துடைத்துத் தந்தனர். அன்னையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஆர் தம்பி இது?” என்றார். அப்படம் இன்னும் அலுமாரிக்குள்ளேதான் கிடக்கின்றது.

சென்ற விடுமுறையில் மாணாக்கர் சிலருடன் நீலத்தாள் செய்தபொழுது, மிஞ்சிய ஒன்றில் அத்திறப்பை வைத்து முற்றத்து வெயிலிற் கிடத்தினோம். அலசி எடுத்ததும் வெள்ளைத் திறப்பொன்று நீலத்தில் மிதந்தது. ஒரு பல் குறைந்திருந்தது. அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவ்விடத்தை விரலால் தொட்டார்.

“இது கொப்பர் மழைக்கை நிண்டு, பூட்டு இறுகிப்போச்செண்டு குறட்டாலை திருகி உடைச்சது. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு பிறகு தானே அராவி வைச்சவர்,” என்று சிரித்தார். முப்பதாண்டுகளாய் அவர் கையிலிருந்த திறப்பைப் பற்றி அக்கதையை நாம் கேட்டதேயில்லை.

மறுநாட் காலை, வெயில் ஏறுமுன்பே, அவரது பாக்குவெட்டியும், அன்று பையிற் கொண்டு நடந்த மூக்குப்பேணியும் முற்றத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தன.