வெளுப்பும் மெலிவும்

செங்கற்பட்டில் ஆசிரியப் பணியாற்றும் நாம், விடுமுறை நாட்களில் மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்வதுண்டு. சென்ற முறை, அங்குள்ள மீனவர் குப்பத்தில் நம்மிடம் முன்னர்ப் பயின்ற பெண்ணைக் கண்டோம், கண்டதும் திடுக்கிட்டோம். கருமையும் களையும் குடிகொண்டிருந்த முகம் வெளுத்துச் சிவந்து, மெல்லிய குருதி இழைகள் தெரிய நின்றது.

"மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு, ஐயா. இப்போது நிறுத்தினால் எரிகிறது" என்றாள்.

"கறுப்பென்று இரண்டு இடம் தட்டிப்போயிற்றே, வாத்தியாரையா!" எனக் கலங்கினார் தாய்.

களிம்பின் உறையைப் பார்த்தோம். பீட்டாமெத்தசோன்! ஸ்டீராய்டு இனம். கரப்பான் போன்ற நோய்க்கு மருத்துவர் அளவறிந்து தந்தால் அருமருந்துதான். அழகுக்கென நாள்தோறும் தடவினாலோ? குருதிக் குழாய்களைச் சுருக்கி முதலில் முகத்தை வெளுக்கச் செய்யும். பின்னர், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் உருவாவதையே குறைத்துவிடும். தோல் மெலியும், இழுத்தால் மீளும் ஆற்றல் தளரும், சிறு உரசலும் காயமாகும். அதனால் விழும் வரித்தழும்புகள் முற்றாக மறைவதில்லை. இவ்வினக் களிம்புகள் பதினான்கினை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018இல் நடுவண் அரசு ஆணையிட்டது. ஆணை ஏட்டில், களிம்போ கன்னத்தில்!

இதற்கு நேர்மாறான மருந்தையும் நம் செங்கற்பட்டு அறியும், தோழர்களே. ஊரையடுத்த திருமணியில், 1955இல் நடுவண் அரசு ஏற்ற தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 1982இல் அந்நோய்க்கு வகுத்த கூட்டு மருத்துவத்தில் ஒன்று குளோஃபாசிமின். அது தோலைக் கருஞ்சிவப்பாக்கும். உலர்த்தி, மீன் செதில்போலச் சொரசொரப்பாக்கும். ஆனால் நோயை ஒழிக்கும். மருந்து முடிந்தபின் நிறமும் மெல்ல மெல்லத் திரும்பும். அந்தக் கறுப்புக்கு அஞ்சி மருந்தையே மறுத்தோர் உண்டு! குணமாக்கும் கறுப்புக்கு அச்சம். குலைக்கும் வெளுப்புக்கு ஆரத்தி. தோலைப் பார்த்து மணம் பேசும் சமுதாயத்தில், தோல் கிழிந்தால் என்ன, நிறம் கிடைத்தால் போதும் என்று ஏழைத் தாய் எண்ணியதில் வியப்பென்ன?

திங்களன்று விடுப்பெடுத்து, இருவரையும் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். களிம்பைத் தம் கண்காணிப்பில்தான் விடவேண்டும், முகம் தேறப் பல மாதங்கள் ஆகும் என்றார் அவர். திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பும் பேருந்துக்குக் காத்திருக்கையில் தாய் கேட்டார்:

"வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?"

நாம் வாய் திறக்குமுன் மகள் சொன்னாள்:

"மாப்பிள்ளை என்ன நிறமென்று கேளம்மா."