தீப்பெட்டித் தொலைபேசி

விளையாட்டுச் சாமான் என்றதும் உங்களுக்குத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தரையில் சுற்றிச் சுற்றி ஓடும் பாட்டரிக் கார்கள் நினைவுக்கு வரலாம். எங்களுக்கோ இரண்டு காலித் தீப்பெட்டிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அக்கா தங்கை இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி. கோட்டூர்புரத்தில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. பகலெல்லாம் கொட்டிய மழை இரவிலும் ஓயவில்லை. அடையாறு கரை புரண்டு, விடியும்போது கீழ்த்தளம் தண்ணீருக்குள் இருந்தது. மின்சாரம் இல்லை. கைபேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின. வீட்டில் அம்மா, ஆயா, நாங்கள் இருவர், நான்கு வயதுத் தம்பி. தாம்பரத்துக்கு அப்பால் வேலைக்குப் போன அப்பா மட்டும் வரவில்லை.

“அப்பா எங்கே?” என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மா பதில் சொல்லாமல் ஜன்னலருகே நின்றார். அழுகை வந்துவிடும் போலிருந்தது எங்களுக்கும். அப்போதுதான் ஆயா, “வாங்கடா, எனக்கு ஒரு கை உதவி வேணும்” என்று எங்களைக் கூப்பிட்டார்.

மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை ஒன்று முறிந்து விழுந்திருந்தது. அதைக் கிழித்து முதலில் பீப்பி செய்தார். பிறகு பாம்பு, கைக்கடிகாரம், காற்றாடி. குருத்தோலை ஞாயிறுதோறும் எங்களுக்கெல்லாம் சிலுவை மடித்துத் தரும் விரல்கள் அல்லவா! பழைய செய்தித்தாளில் கப்பல்கள் செய்தோம். (1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை என்று பிற்பாடு அறிந்தோம். நல்ல வேளை, ஆயா பழைய பேப்பரை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார்.) தம்பி தன் கப்பலை மாடிப்படியில் ஏறி நின்ற தண்ணீரில் விட்டு, “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்றான். அது இரண்டு படி தூரம் போய்ச் சாய்ந்தது. ஆயா ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளை மடித்தார்.

புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் உருட்டினோம். தேய்த்த சூட்டோடு ஒருவர் கையில் ஒருவர் வைத்து அலற வைத்ததும் உண்டு. சாக்கட்டியால் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் போட்டால் அதுவே பல்லாங்குழி. தம்பிக்கு அந்தக் கணக்கு எட்டாது. அவனுக்கென்று கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை மூன்றையும் ஒரு முறத்தில் கலந்து கொடுத்து, “வேற வேறயா எடுத்து வைடா ராஜா” என்றார் ஆயா. ஒரு மணி நேரம் நிமிரவில்லை அவன்! பிரித்த கடலை மறுநாள் சுண்டலாயிற்று.

சில ஆண்டுகள் கழித்து வகுப்பில் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிச் சிஸ்டர் பாடம் நடத்தியபோது நாங்கள் வியந்து போனோம். தானியத்தைப் பிரிப்பது, ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றுவது, இவையெல்லாம் அவர் குழந்தைகளுக்கு வகுத்த வேலைகளாம். இத்தாலியரான அவர் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு அவருடைய மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளான ஆகஸ்டு 31 அன்றுதான் மகனை விடுவித்தார்கள். எங்கள் வீட்டுப் படிக்கு ஏறி வந்த அதே ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் அந்தச் சபையின் தோட்டம் இருக்கிறது. மகனுக்காக அந்தத் தாய் காத்திருந்த நாட்களைக் கேட்டபோது எங்கள் அம்மா நின்ற ஜன்னல்தான் கண்முன் வந்தது.

இரண்டாம் நாள் மாலை தம்பியின் பிடிவாதம் எல்லை மீறியது. “அப்பாகிட்ட பேசணும்!” அணைந்து கிடந்த கைபேசியைத் தரையில் அடித்தான். ஆயா இரண்டு தீப்பெட்டிகளின் குச்சிகளை டப்பாவில் கொட்டி மூடி, உள்பெட்டிகளின் அடியில் ஊசியால் துளையிட்டு, நீண்ட நூலைக் கோத்து, நூல் நழுவாதபடி முனைகளில் உடைந்த குச்சியைக் கட்டினார். “நூலை விறைப்பா பிடிக்கணும். தொய்ஞ்சா பேச்சு போகாது.” ஒரு முனை தம்பியிடம். மறுமுனையை யார் பிடிப்பது? சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்கா போய் நின்றாள். குரலைத் தடிப்பாக்கி, “அப்பா பேசறேன்” என்று சொல்ல வாயெடுத்தாள். ஆயா சைகை காட்டித் தடுத்துவிட்டார். “பொய் சொல்லாதே. ‘அப்பா வர்ற வழியில இருக்காரு’ன்னு அக்காவாவே சொல்லு.” அதுவும் எங்களுக்குத் தெரியாத செய்திதானே என்று அன்றே எங்களுக்குள் ஒரு சிறு விவாதம். ஆயாவின் கை நடுங்கியதை அப்போதுதான் பார்த்தோம்.

மூன்றாம் நாள் பிற்பகல் அப்பா வந்தார். கிண்டி வரை ஒரு லாரியில் வந்து, மீதித் தூரத்தை இடுப்பளவு நீரில் நடந்திருக்கிறார். அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். தம்பி ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. ஒரு தீப்பெட்டியை அப்பாவின் ஈரக் கையில் திணித்து, மற்றொன்றுடன் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“அப்பா, வந்துட்டியா?”

“வந்துட்டேன்டா.”

நூல் தரையில் தொய்ந்து கிடந்தது. ஒருவரும் அதை அவனிடம் சொல்லவில்லை.