உறவைக் கணக்கில் சேர்க்காதவன்

இலங்கையில் பெரகலத் தோட்ட லயத்தில் பிறந்து கரும்பு ஆராய்ச்சிக்குப் போனவன் நான். பிழையென்று தெரிந்தும் ஒரு முடிவைத் திருத்தாமல் வைத்திருந்தேன். அதை எழுதிவிடுகிறேன்.

இன்றைய கரும்பின் ஒரு கலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நிறமூர்த்தங்கள். துரு நோயைத் தடுக்கும் புரூ1 போல ஒற்றை மரபணு அபூர்வம். இனிப்புக்குப் பல மரபணுக்கள் சேரவேண்டும். ஆகவே டிஎன்ஏயில் ஓர் அடையாளத்தைப் பிடித்து, அது உள்ள கரும்புகளில் சீனி கூடுகிறதா என்று பார்ப்போம். எனக்கு ஒன்று அகப்பட்டது. தோட்டத்துப் பிள்ளை கண்டுபிடித்தது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

நான் சோதித்தவற்றில் அதிகமானவை கோ 775 வழி வந்தவை. கோயம்புத்தூரில் உருவாகி, இலங்கையில் நெடுங்காலம் பரவலாக நடப்பட்ட ரகம் அது. 1918இல் கோ 205 வந்த காலந்தொட்டே கரும்பில் சில முன்னோரைத்தான் திரும்பத் திரும்பக் கலந்து வருகிறார்கள். ஒரு குடும்பத்தில் எல்லோரும் நன்றாகப் பாடுகிறார்கள், எல்லோருக்கும் காதோரம் மச்சம் இருக்கிறது என்றால், மச்சம்தான் பாடவைக்கிறது என்போமா? நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

உறவுமுறையைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று கூட வேலை செய்த இளைய பெண் கேட்டாள். "முதலில் வயலைப் படி, தங்கச்சி" என்று அவள் வாயை அடைத்தேன். அன்றிரவு தனியே சேர்த்துப் பார்த்தேன். தொடர்பு இல்லாமல் போனது. லயத்தில் கிடைத்த பெயரை விட மனம் வரவில்லை. கோப்பை மூடிவிட்டேன்.

என் முடிவை நம்பி, அந்த அடையாளம் இல்லாத நாற்றுகள் கழிக்கப்பட்டன. கரணையில் பெருக்கினால் கரும்பு மாறாது; பூவிலிருந்து வரும் விதை ஒவ்வொன்றும் புதுப் பிறவி. அதே தாயையும் தந்தையையும் மறுபடி கலந்தாலும் கழித்த நாற்று திரும்பக் கிடைக்காது. கலப்பிலிருந்து ஒரு ரகம் வயலுக்கு வரப் பத்து வருடத்துக்கு மேலாகும். பெரகலவிலிருந்து வெல்லவாய வழியே இறங்கினால் வரும் பெல்வத்தையிலும், அப்பால் செவனகலவிலும் வெள்ளை இலை நோயோடு போராடுகிறவர்கள் அதைத் தாங்கும் ரகத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அத்தகைய ஒன்று கழித்தவற்றில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அறியும் வழியை அடைத்தவன் நான்.

திருத்தத்தை எழுதி அனுப்பிவிட்டேன். சரியான கேள்வியை முதலில் கேட்டவள் அவள்தான் என்பதையும், நான் அவளை அடக்கியதையும் அதில் எழுதியிருக்கிறேன்.